பதினொண்ணும் பன்னெண்டும்

சன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்குக் காத்து ஆகாது, கொண்டை கலைஞ்சு போயிரும். ஏனுங், காலங்காத்தால பட்டுச்சேலையும் பூவுமா எங்க கெளம்பிட்டான்னு பாக்கறீங்களா? கல்யாணம் இல்லீங்க. கல்யாணத்துக்கு அழைப்பு. அதுவும் எங்க வீட்டு அழைப்புக்கூட இல்லீங்க, எங்க மொதலாளி வீட்டு அழைப்பு. அவங்க எலச்சிபாளையத்துலிருந்து காருல வர்றாங்க. நான் முன்னாடியே போயி நிக்கோணும்னு இந்த பஸ்ஸப் புடிச்சேன். மல்லசமுத்திரத்துல எறங்கிருவேன். நான் பக்கத்துல நிக்காம தாம்பூலத் தட்டத்தைக் கையிலயே எடுக்கமாட்டேன்னு மொதலாளி ஒத்தக் கால்ல நிக்கறாரு. காலையில ரெண்டு இட்லி வெச்சேன், ஒண்ணுகூட எறங்கலீங்க. அத்தனை சந்தோசம்!

நான் திருச்செங்கோட்டுல ஒரு போர்வெல் ஆபீசுல போன் எடுக்கறனுங்க. சாந்தாமணின்னு பேரு. ஆபீசு பேரு வேண்டாமுங்க. ஆபீசு சமாச்சாரம் ஒண்ணுகூட என்ற வாயிலிருந்து வெளிய வராது. இருவத்திரெண்டு வருசம், ஒரு சொல்லு வந்திருக்குமா? கேளுங்க, சொல்றேன்.

மொதலாளிங்க ரெண்டு பேரு. பெரியவரு சென்னியப்பண்ணன். சின்னவரு குழந்தைவேலு, சென்னியப்பண்ணன் சம்சாரத்தோட கூடப்பொறந்த தம்பி. மச்சானும் மாப்பிள்ளையும் சேந்து போர் போடற ஒத்த ரிக் வண்டியில ஆரம்பிச்சாங்க, இப்ப ஆறு வண்டி ஓடுது. ஒரே ஆபீசு, பக்கத்துப் பக்கத்து ரூமு, நடுவுல ஒரு சொவரு. ஆனா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. ஒரு நாளு ரெண்டு நாளு இல்லீங், பதினோரு வருசம்.

என்ன தகராறுங்கறீங்களா? சென்னியப்பண்ணன் தன் சொந்தத் தோட்டத்துல போர் போட்டாரு. பாயிண்ட் பாத்தது குழந்தைவேலு. உள்ளங்கையில தேங்காய வெச்சுக்கிட்டு நடப்பாரு, தண்ணி இருக்கற எடத்துல தேங்கா எந்திரிச்சு நிக்கும். ஊருக்கெல்லாம் அப்படித்தான் பாத்துக் குடுப்பாரு. மச்சான் தோட்டத்துலயும் எந்திரிச்சு நின்னுது. ஆயிரத்து நூறு அடி போட்டாங்க. பொகதான் வந்துது, சொட்டுத் தண்ணி இல்லை. அது கெரகம், யாரு என்ன பண்றது? ஆனா சென்னியப்பண்ணன் சும்மா இருக்கோணுமில்ல? சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த ஒரு காதுகுத்துல, பந்தியில உக்காந்திருந்த மாப்பிள்ளையப் பாத்து, "அந்தத் தேங்காயத் திருவிச் சட்னி அரைச்சிருந்தாலாவது நாலு பேரு தின்னிருப்பாங்க"ன்னு சொல்லிப்போட்டாரு. பந்தியே சிரிச்சுது. குழந்தைவேலு பாதி இலையில எந்திரிச்சுட்டாரு. அவ்வளவுதான்.

வண்டியெல்லாம் ரெண்டு பேரு பேருலயும் இருக்குது. பிரியவும் முடியல, பேசவும் முடியல. நடுவுல நான்.

சென்னியப்பண்ணன் கூப்புடுவாரு. "சாந்தா, அந்தக் கழுதைகிட்டச் சொல்லு, மூணாம் நம்பர் வண்டி இன்னிக்கே ராசிபுரம் போகோணும், இல்லீன்னா நடக்கறதே வேற." நான் பக்கத்து ரூமுக்குப் போவேன். "ஏனுங் சின்னவரே, மாப்பிள்ளைக்கு நேரமிருந்தா மூணாம் நம்பர் வண்டிய ராசிபுரம் அனுப்பலாமான்னு மச்சான் கேக்கறாருங்க." அவரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு, "அந்த ஆளு ஏவுனதுக்கெல்லாம் ஓட நான் என்ன அவரு பண்ணையத்து ஆளா?"ம்பாரு. நான் இந்தப் பக்கம் வந்து, "மச்சான் சொன்னா சரிதான்னுட்டாருங்க." வண்டி ராசிபுரம் போயிரும். பொய்யுன்னு சொல்லாதீங்க. வண்டி போச்சா இல்லியா?

இந்தப் பங்குனியில வந்துது அந்தப் பொட்டி. கோடையில எங்களுக்கு போன் ஓயாது, இருந்தது ஒரே லைனு. சென்னியப்பண்ணன் மக தாரணி, கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலைல இருக்கற புள்ள, "அப்பா, எந்தக் காலத்துல இருக்கீங்க?"ன்னு சத்தம் போட்டு, ஆபீசு முழுக்கப் புது போன் சிஸ்டம் வாங்கி வெச்சிருச்சு. சேலத்துலிருந்து பிலவேந்திரன்னு ஒரு டெக்னீசியன் தம்பி வந்தாரு. சொவத்துல ஒரு வெள்ளப் பொட்டி, ரூமுக்கு ஒரு போனு, என்ற மேசை மேல முப்பத்திரெண்டு பட்டன் வெச்ச பலகை, ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு லைட்டு. பாத்ததும் எனக்குக் கை காலு ஓடல.

மொத வம்பு நம்பர்ல வந்துது. ரூமுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் நம்பர் போடோணுமாம். எனக்கு ஒம்போது. சென்னியப்பண்ணனுக்குப் பதினொண்ணு, குழந்தைவேலுக்குப் பன்னெண்டு. "நான் என்ன அவருக்குப் பின்னாலயா?"ன்னு சின்னவரு குதிக்கறாரு. "அவனுக்கு என்னைவிடப் பெரிய நம்பரா?"ன்னு பெரியவரு குதிக்கறாரு. நான் பெரியவருகிட்டப் போயி, "ரெண்டு ஒண்ணு சேந்து நிக்குதுங்க, மொதலுக்கு மொதல்"னேன். சின்னவருகிட்டப் போயி, "கூட்டுனா மூணுங்க, குருவோட நம்பர்"னேன். அடங்குனாங்க. பிலவேந்திரன் தம்பி என்னையவே பாத்துக்கிட்டு நின்னாரு.

மூணு நாளு சொல்லிக் குடுத்தாரு. மொத நாளு எதை அமுக்குனாலும் லைனு கட்டாயிருச்சு. ரெண்டாம் நாளு பரமத்தியிலிருந்து பேசுன ஒரு கவுண்டரை தொளை போடற பிட்டெல்லாம் அடுக்கி வெக்கற ஸ்டோர் ரூமுக்கு மாத்தி உட்டுட்டேன். அங்க ஒரு ஈ காக்கா கெடையாது. அவரு அரை மணி நேரம் பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்துட்டு, மறுநாளு கூப்புட்டு, "அம்மிணி, அந்தப் பாட்ட இன்னொருக்கா போடு"ங்கறாரு! மூணாம் நாளு என்ற குரலையே புடிச்சு அதுக்குள்ள வெச்சாங்க. "வணக்கம். புதுசா போர் போட ஒண்ணை அமுக்குங்க. மோட்டாரு மாட்டிக்கிட்டா ரெண்டை அமுக்குங்க." அட, எங்க ஆளுக அமுக்குவாங்களா? "சாந்தா, நல்லா இருக்கறயா? சாப்பிட்டியா?"ன்னு அதுகிட்டயே கேக்கறாங்க. அது "ஒண்ணை அமுக்குங்க"ங்குது. "அந்தப் புள்ளைக்குப் புது போன் வந்ததும் என்ன திமிரு பாரு"ன்னு ஊரெல்லாம் ஒரே பேச்சு.

ஆனா புடிபட ஆரம்பிச்சுது பாருங்க, அப்பறம் என்னையப் புடிக்க முடியல! ஹோல்டுல போடறது, மாத்தி உடறது, ஒரு ரூமுல அடிக்கறதை இங்கிருந்தே எடுக்கறது, எல்லாம் விரல் நுனிக்கு வந்துருச்சு. வாட்ச்மேனுக்கு வேணும்னே ஒரு போன் போடுவேன், லைட்டு எரியறதைப் பாக்கறதுக்கு. "என்னங்க்கா?"ம்பாரு. "ஒண்ணுமில்ல, வையுங்க"ம்பேன். அம்பத்திநாலு வயசுல எனக்கு இப்படி ஒரு ஆட்டம். வீட்டுல எங்கூட்டுக்காரரு எதாச்சும் பேசுனா, பேச்சுவாக்குல "லைன்ல இருங்க"ன்னுட்டேன்னா பாருங்களேன்.

கெளம்பறப்ப பிலவேந்திரன் ஒரு வார்த்தை சொன்னாரு. "இனி யாருக்கு வேணாலும் யாரும் நேரா போட்டுக்கலாங்க்கா. பதினொண்ணு நேரா பன்னெண்டுக்குப் பேசிக்கலாம். உங்களுக்கு வேலை கம்மி."

எனக்குப் பக்குனு ஆயிருச்சு. என்ற சீட்டுக்காக இல்லீங்க, சத்தியமா இல்லை. பெரியவரு கோவத்துல ரிசீவர எடுத்து நேரா, "டேய் கழுதை"ன்னா என்ன ஆகறது? பதினோரு வருசமா நான் கட்டிக் காத்தது ஒரு நிமிசத்துல போயிருமில்லீங்க? "தம்பி, ஒரு ரூமிலிருந்து இன்னொரு ரூமுக்குப் போகாம அடைக்க முடியுமா?"ன்னேன். "முடியுங்க்கா. எங்கேஜ் சத்தம் கேக்கற மாதிரி போட்டுறலாம். ஆனா யாரு கேட்டாங்க?"ன்னாரு. "கேக்கோணுமா தம்பி? மனசறிஞ்சு செய்யறதுதான் வேலை"ன்னேன். பாஸ்வேர்டு சொல்லிக் குடுத்தாரு, நானே என்ற கையால அடைச்சேன். பதினொண்ணிலிருந்து பன்னெண்டு கெடையாது, பன்னெண்டிலிருந்து பதினொண்ணு கெடையாது. எது போறதா இருந்தாலும் ஒம்போது வழியா, என்ற வழியா. அந்தப் பொட்டியில நான் சொந்தமாச் செஞ்ச மொத வேலை அதுதானுங்க. அன்னிக்கு எத்தனை பெருமைங்கறீங்க!

சித்திரையில தாரணிக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. வைகாசி இருவத்தியாறு முகூர்த்தம். எங்க பக்கம் பொண்ணுக்கு நெத்தியில பட்டம் கட்டறது தாய்மாமந்தான். உங்களுக்குத் தெரியாததா? கூடப்பொறந்த தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப வேற எவனையோ மாமன் மொறைக்கு நிறுத்துனா ஊரு காறித் துப்பாது? அந்தக் குழந்தைவேலுக்கும் தாரணின்னா உசிரு. ஆனா அழைக்கோணுமில்ல? அழைப்புங்கறது போன்ல சொல்ற சமாச்சாரமா? தட்டத்துல வெத்தலபாக்கு, தேங்கா, பத்திரிகை வெச்சு, வாசப்படி ஏறி, கையில குடுக்கோணும். நான் என்ன ஜாலம் பண்ணுனாலும் அதை நான் போயிக் குடுக்க முடியாதுங்களே!

சொல்லித்தான் பாத்தேன். "மச்சான் உங்களத்தான் மொதல்ல நெனச்சுக்கிட்டிருக்காருங்க"ன்னு. "நெனச்சா? வாய் இல்லையா, காலு இல்லையா?"ன்னாரு சின்னவரு. பெரியவருகிட்ட, "மாப்பிள்ளை ஏங்கிக்கிட்டு இருக்காருங்க"ன்னேன். "ஏங்குனா வந்து கேக்கட்டும்"னாரு. ஒரு நாளு தாரணி பத்திரிகைக் கட்டோட ஆபீசுக்கு வந்து, என்ற மேசையில தலையச் சாச்சுக்கிட்டு அழுகுது. "சாந்தாத்தை, மாமன் வராம நான் மணவறை ஏறமாட்டேன். அம்மாவும் ரெண்டு நாளா சோறு உங்கல." அந்தப் புள்ளை கண்ணைத் தொடச்சு உட்டுட்டு எனக்கும் அழுகை நிக்கல. முகூர்த்தத்துக்கு இருவது நாளுகூட இல்லை.

இது பத்தாதுன்னு கல்யாணம் நிச்சயமானதிலிருந்தே என்ற பலகையில ஒரு கோளாறு. தினமும் சாயங்காலம் டீ வந்து போன பின்னால, நாலு நாலேகாலுக்கு, பதினொண்ணுக்கு நேரா செகப்பு லைட்டு ரெண்டு தடவ மினுக்குனு மினுக்கி அணைஞ்சு போகும். செத்த நேரத்துல பன்னெண்டுக்கு நேரா மினுக்கும். சில நாளு காலையிலயும். நான் தொடச்சுப் பாத்தேன், தட்டிப் பாத்தேன், சூடங்கூடக் காட்டுனேன். நிக்கல. பிலவேந்திரனுக்கு போன் போட்டு, "தம்பி, நீங்க குடுத்த பொட்டி சொத்தை"ன்னு நல்லாக் குடுத்தேன்.

வந்தாரு. லேப்டாப்ப மாட்டுனாரு. யாரு எப்ப எந்த நம்பருக்குப் போட்டாங்கன்னு பொட்டியே எழுதி வெச்சுக்குமாம், எனக்கு எங்கீங்க தெரியும்? தாள்ல எடுத்துக் குடுத்தாரு. "பொட்டி நல்லாத்தானுங்க்கா இருக்குது. நீங்க அடைச்சு வெச்ச நம்பருக்கு யாராச்சும் போட்டா அந்த லைட்டு மினுக்கும்."

தாளைப் பாத்தனுங். பதினொண்ணிலிருந்து பன்னெண்டுக்கு இருவத்தாறு தடவ. பன்னெண்டிலிருந்து பதினொண்ணுக்கு முப்பத்தியொரு தடவ.

புரியுதுங்களா? ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தரு போட்டுப் பாத்திருக்காங்க. எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போனா நாலு பேரு பாப்பாங்க, யாரு மொதல்ல எறங்கி வந்தாங்கன்னு பேச்சாயிரும். போன்னா யாருக்கும் தெரியாதே! கதவைச் சாத்திக்கிட்டு, ரெண்டு நம்பரத் தட்டி, காதுல வெச்சா, டொய்ங் டொய்ங்னு எங்கேஜ். அவன் யாருகிட்டயோ பேசிக்கிட்டு இருக்கறான்னு பெரியவரு வெச்சுருவாரு. அவரு யாருகிட்டயோ பேசறாருன்னு சின்னவரு வெச்சுருவாரு. நான் நடுவுல உக்காந்துக்கிட்டு லைட்டுக்குச் சூடம் காட்டிக்கிட்டு இருந்திருக்கறேன்!

"என்ன பாவி நான்"னு வாய் உட்டே சொல்லிட்டேன். ஒரு நிமிசந்தான். அப்பறம் ரோசிச்சுப் பாத்தேன். பேசோணுங்கற ஆசையே எப்படி வந்துது? பதினோரு வருசமா நான் பதமா எடுத்துச் சொல்லப் போயித்தான வந்துது? அதையும் சொல்லோணுமில்ல. பிலவேந்திரன், "எடுத்து உட்டுறட்டுங்களா?"ன்னாரு. "நகருங்க தம்பி, அடைச்ச கைதான் தொறக்கோணும்"னு நானே பாஸ்வேர்டு போட்டு எடுத்தேன்.

அன்னிக்கு நாலு மணி ஆகவே மாட்டேங்குது. டீ வந்துது, போச்சு. நாலேகாலுக்கு பன்னெண்டு மேல பச்சை விழுந்துது. பதினொண்ணாம் ரூமுல மணி அடிக்கறது எனக்கே கேக்குது. ஒண்ணு, ரெண்டு, மூணு. பதினொண்ணும் பச்சையாச்சு.

ஆபரேட்டரு நடுவுல போயிக் கேக்கறதுக்கு ஒரு பட்டன் இருக்குதுங்க. ஒட்டுக் கேக்கறதுக்கு இல்லை, லைனு சுத்தமா இருக்குதான்னு பாக்கறதுக்கு. பாத்தேன்.

"அலோ, யாருங்க?"ங்கறாரு பெரியவரு. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேக்குது.

"நாந்தான்."

பெரியவரு, "லைனு கெடைச்சிருச்சா?"ன்னாரு.

"எப்பப் போட்டாலும் எங்கேஜா இருந்துது மச்சான்."

"உன்றதும் அப்படித்தான் இருந்துது."

எனக்கு அப்பவே கண்ணு தண்ணி உட்டுருச்சு. மச்சான்னு சொல்லிட்டாருங்க! அப்பறம் சின்னவரு மடமடன்னு பேச ஆரம்பிச்சாரு. "நாந்தான் மச்சான் வீம்பு புடிச்சவன். அந்தக் காதுகுத்துக்கு அப்பறம் நீங்க ஒரு நாளுகூட என்னைய மரியாதைக் கொறைவாப் பேசல. சாந்தாக்கா வந்து ஒவ்வொண்ணும் சொல்லும். என்ற ஆபரேசனப்ப எனக்காக வேண்டிக்கிட்டு மலையேறி மொட்ட போட்டீங்களே, அதை நான் மறப்பனா?"

போச்சு, எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். ஏன்னு சொல்றேன் கேளுங்க. ஏழு வருசத்துக்கு முன்னால குழந்தைவேலுக்கு வயித்துல ஆபரேசன். ஆஸ்பத்திரி கட்டல்ல படுத்துக்கிட்டு, "மச்சான் எதாச்சும் கேட்டாராக்கா?"ன்னு என்ற கையப் புடிச்சுக்கிட்டாரு. சென்னியப்பண்ணன் அன்னிக்கு என்ன சொன்னாருங்கறீங்க? "செத்தா சொல்லி உடு." அதைப் போயி நான் சொல்ல முடியுமா? மொட்ட போட வேண்டிக்கிட்டாருங்கன்னேன், அப்பறம் போட்டுட்டாருன்னும் சொல்லிட்டேன். சென்னியப்பண்ணனுக்குத்தான் முன்னாலயே தலையில ஒண்ணும் கெடையாதே, யாரு கண்டுபுடிக்கப் போறாங்க!

இப்ப பெரியவரு பதில் சொல்லோணும். "நான் எப்படா மொட்ட போட்டேன்?"னு ஒரு வார்த்தை கேட்டாருன்னா தீந்துது. கல்யாணம் போச்சு, தாரணி பட்டம் போச்சு, என்ற சீட்டும் போச்சு. நான் ரிசீவரு வாயக் கையால பொத்திக்கிட்டு, சன்னல் வழியா மலையப் பாத்து, "அர்த்தநாரீசுவரா"ன்னேன்.

சென்னியப்பண்ணன் ஒருக்கா செருமுனாரு. "அட, இருந்ததே நாலு முடி மாப்பிள்ளை. அதைக் குடுத்தா எனக்கென்ன கொறைஞ்சு போச்சு?"

அழுதுட்டனுங்க. சிரிப்பும் வருது, அழுகையும் வருது. அந்தப் பக்கம் சின்னவரு விசும்பறாரு. "நாயித்துக்கெழமை காலையில உன்ற அக்காளைக் கூட்டிக்கிட்டுத் தட்டத்தோட வர்றேன்"னாரு பெரியவரு. "வாங்க மச்சான், என்ற வீட்டு வாசல் பதினோரு வருசமாத் தொறந்துதான் கெடக்குது"ன்னாரு சின்னவரு. ரெண்டு பச்சை லைட்டும் முக்கா மணி நேரம் அணையல. நான் வேற எந்தக் காலும் எடுக்கல. போர் போடறவங்க நாளைக்குப் போடட்டும்.

வெச்சதும் பதினொண்ணிலிருந்து ஒம்போதுக்கு அடிச்சுது. "சாந்தா, இங்க வா. கதவைச் சாத்து."

போயி நின்னேன்.

"நான் எப்ப மொட்ட போட்டேன்?"

"ஏழு வருசத்துக்கு முன்னாலைங்க. ஆடிப் பதினெட்டு."

"எங்க?"

"நம்ம மலையிலதானுங்க."

என்னையவே பாத்தாரு. திட்டுவாருன்னு காத்திருந்தேன். "இந்தப் பதினோரு வருசத்துல நான் அவன்கிட்ட இன்னும் என்னென்ன சொல்லியிருக்கறேன்? தாள்ல வரிசையா எழுதிக் கொண்டா. அவன் வீட்டுல உக்காந்து பேச்சு வந்தா நான் முழிக்கக் கூடாது. நீயும் வந்து பக்கத்துல நில்லு, மறந்தா எடுத்துக் குடு."

சரின்னு சீட்டுக்கு வந்து உக்காரல, பன்னெண்டிலிருந்து போன் அடிக்குது. சின்னவரு ரகசியமாப் பேசறாரு. "சாந்தாக்கா, நாயித்துக்கெழமை மச்சான் வர்றதுக்கு அரை மணி முன்னால எங்கூட்டுக்கு வந்துருங்க. நான் என்னென்ன சொல்லியிருக்கறேன்னு எனக்கும் தெரியோணுமில்ல?" அதுக்குத்தானுங்க இந்த பஸ்ஸு!

பெரியவருக்கு எழுதி முடிக்க ரெண்டு நாளாச்சு. ஆறு தாளு, ரெண்டு பக்கமும். முட்டிவலிக்கு எண்ணெய் காய்ச்சிக் குடுத்து உட்டது, வெயில்ல நிக்காதேன்னு சொல்லி உட்டது, பொங்கல், தீவாளின்னு நோம்பிக்கு நோம்பி வெசாரிச்சது, ஒண்ணு உடல. முடிச்சுட்டு ஆரம்பத்துல இருந்து படிச்சுப் பாத்தனுங். பதினோரு வருசம் அந்த மனுசன் ஒரு சுடுசொல்லு சொல்லல. எனக்கே மனசு கரைஞ்சு போச்சு. இப்படி ஒரு மச்சான் யாருக்குங்க கெடைப்பாரு?

நேத்துக் கொண்டுபோயிக் குடுத்தேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஆறு தாளையும் படிச்சாரு. ரொம்ப நேரம் தலை நிமுரல. அப்பறம் தாளை மேசையில வெச்சு, மேல கைய வெச்சுக்கிட்டு, "இதுல இருக்கற ஆளு யாரு சாந்தா?"ன்னாரு.

"நீங்கதானுங்க"ன்னேன்.

கண்ணாடியக் கழட்டித் தொடச்சுப் போட்டுக்கிட்டு, மறுபடியும் மொதத் தாளிலிருந்து படிக்க ஆரம்பிச்சாரு.